எரிமலைக் கல்லுக்கு ஸ்ரீரங்கத்தில் திருமஞ்சனம்

காலை 5.50

எழும்பூரில் முந்தின இரவு ஏறிய ரயில் கொள்ளிடப் பாலத்தின் மேல் ஊர்ந்தபோது, நான் மூன்றாவது முறையாகக் கூடையைத் திறந்து பார்த்தேன். வெந்நீர் ஃபிளாஸ்க், பால் பவுடர் டப்பா, ஜுர மருந்து, தெர்மாமீட்டர், என் மகள் ரம்யாவின் ஆறு மாற்று உடைகள், எல்லாவற்றுக்கும் மேலே பட்டுத் துணியில் சுற்றிய கல். எதுவும் தொலையவில்லை. ரம்யாவுக்கு இரண்டு வயது. முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் பயணத்தில் அவள் ஒரே ஒரு தும்மல் போட்டாள். அது தூசித் தும்மலா, ஜலதோஷத் தும்மலா என்று விழுப்புரத்திலிருந்து யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஸ்ரீரங்கத்துக்குப் பெருமாளைச் சேவிக்கப் போனவர்கள் எழுதிய கட்டுரைகள் நிறைய உண்டு. நான் போனது வேலை கேட்டு. என் கணவர் வங்கியில் இருக்கிறார். ஜூனில் அவருக்குத் திருச்சிக்கு மாற்றல். கே.கே. நகரில் வீடு கூடப் பார்த்து வைத்தாயிற்று. திருச்சியில் இருக்கும் பதினோரு பள்ளிகளுக்கு நான் விண்ணப்பம் அனுப்பினேன். பதில் போட்டது ஒரே ஒரு பள்ளி. மன்னார்புரம் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளி. பிற்பகல் இரண்டரை மணிக்கு ஒன்பதாம் வகுப்புக்கு அரை மணி நேரம் மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தலைப்பை அவர்களே கொடுத்திருந்தார்கள்: எரிமலைக் குழம்பு ஆறும்போது படிகங்கள் உண்டாகும் விதம். கற்பிக்கும் கருவியை நாமே கொண்டுபோக வேண்டும்.

அந்தக் கருவிதான் பட்டுத் துணிக்குள் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் உருண்டை. கன்னங்கரேலென்று பளபளக்கும். அதன் மேலெல்லாம் உள்ளிருந்து மலர்ந்ததுபோல் சாம்பல் வெள்ளையில் சின்னச் சின்னப் பூக்கள். கல்லூரியில் எனக்கு நிலவியல் சொல்லிக்கொடுத்த அம்மையாருக்கு அவர் தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த எரிமலைக் கண்ணாடி அது. என்னிடம் கொடுக்கும்போதே அம்மையார் சொல்லிவிட்டார்: உடைத்துவிட்டால் இரண்டு துண்டையும் கொண்டு வா, அதை வைத்தும் பாடம் நடத்தலாம், தொலைத்துவிட்டால் நீயும் வராதே.

காலை 6.10

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் மூன்று ரூபாய் கேட்டு இரண்டரைக்கு வந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் நான் கூடையை மடியிலிருந்து உயரே தூக்கினேன். குழந்தையைத் தூக்காமல் கூடையைத் தூக்குகிறீர்களே, உள்ளே என்ன என்று அவர் கேட்டார். கல் என்றேன். அவர் மிதிப்பதில் கவனம் வைத்தார்.

கிழக்கு உத்தர வீதியில் என் கணவரின் அக்கா வீடு. அக்காவின் கணவரை நாங்கள் அத்திம்பேர் என்று கூப்பிடுவோம். திருவெறும்பூர் கனரகத் தொழிற்சாலையில் படம் வரையும் பிரிவில் இருக்கிறார். விடிகாலையில் எழுந்து குளித்து, இரண்டு மணி நேரம் பெருமாளுக்கு ஆராதனம் செய்துவிட்டுத்தான் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிப்பார். நான் போனபோது அவர் கிணற்றடியில் இருந்தார்.

அக்கா காபி கொடுத்தாள். ரம்யா அதற்குள் பாத்திர அலமாரியின் முதல் தட்டைக் காலி செய்திருந்தாள். கல்லை அக்கா கையில் கொடுத்து, குழந்தைக்கு எட்டாத இடமாக, யாரும் தொடாத இடமாக எங்கேயாவது வைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அந்த வீட்டில் குழந்தைக்கு எட்டாததும் யாரும் தொடாததுமாக ஒரே ஓர் இடம்தான் உண்டு என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. ரம்யாவுக்கு வெந்நீர் போட்டு, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, துணி துவைத்து, நானும் குளித்துவிட்டு வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

காலை 8.00

கூடத்தில் நாலு பேர் வரிசையாக நின்று உள்ளங்கையில் தீர்த்தம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். பெருமாள் எழுந்தருளியிருக்கும் மரப் பெட்டியின் கதவு திறந்திருந்தது. உள்ளே நடு நாயகமாக, பாலில் நனைந்து, சந்தனம் பூசி, தலையில் திருத்துழாய் என்கிற துளசி வைத்துக்கொண்டு, என் கல்.

அத்திம்பேர் நெற்றியில் திருமண் பளிச்சிட, முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய காரியத்தைப் பண்ணிட்டு ஒண்ணும் தெரியாதவ மாதிரி துணி துவைச்சிண்டிருக்கே. உன் ஆத்துக்காரனுக்கு லெட்டர் போட்டு ரெண்டு மாசமாச்சு, பதிலே காணுமேன்னு இருந்தேன். பதிலுக்குப் பெருமாளையே அனுப்பிச்சுட்டான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சமையலறைக்கு ஓடி அக்காவைக் கேட்டேன். என் கணவரின் வங்கியில் யாரோ காட்மாண்டு போவதாகக் கேள்விப்பட்டு, அங்கிருந்து ஒரு சாளக்கிராமம் கிடைக்குமா என்று அத்திம்பேர் கடிதம் எழுதியிருக்கிறார். சாளக்கிராமம் என்பது நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைக்கும் கறுப்புக் கல். வைஷ்ணவர் வீடுகளில் அதைப் பெருமாளாகவே வைத்து ஆராதிப்பார்கள். விலைக்கு வாங்கக் கூடாது, யாராவது கொடுத்துத்தான் வர வேண்டும். கடிதத்தை என் கணவர் படித்து, சட்டைப் பையில் வைத்து, சட்டையைச் சலவைக்குப் போட்டிருப்பார். எங்கள் வீட்டுக் கடிதங்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடிவெய்தும். பட்டுத் துணியில் சுற்றி, கறுப்பாக, உருண்டையாக, பெருமாள் பெட்டிக்குள்ளேயே ஒரு கல் இருப்பதைப் பார்த்தவர் வேறு என்ன நினைப்பார்?

பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டி லட்சணமும் பார்த்துவிட்டாராம். வெள்ளைப் பூக்கள் வனமாலை ரேகையாம், பெருமாள் மார்பில் போடும் மாலையின் அடையாளம். நூற்றில் ஒரு கல்லுக்குத்தான் அப்படி அமையுமாம்.

"அக்கா, நீங்க சொல்லிடுங்களேன்."

"நானா? பெட்டியில வச்சது யாருன்னு முதல்ல என்னைத்தான் கேப்பார். உன் கல்லு, நீயே சொல்லு."

"நான் எப்படிச் சொல்றது?"

"பி.எஸ்ஸி. படிச்சிருக்கியே, அதுல சொல்லித் தரலையா?" என்று அக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

காலை 9.30

சொல்லத்தான் போனேன். மூன்று முறை போனேன். முதல் முறை அவர் ஏதோ பாசுரம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் குறுக்கிடுவது மரியாதையில்லை. இரண்டாம் முறை கோடியாத்து மாமா வந்திருந்தார். வீதியின் கடைசி வீட்டில் இருக்கும் அவர், தீர்த்தம் வாங்கிக்கொண்டு போன ஒரு மணி நேரத்தில் முழங்கால் வலி சற்றுக் குறைந்த மாதிரி இருக்கிறது என்று சொல்ல நடந்தே வந்திருந்தார். மூன்றாம் முறை தனியாக அகப்பட்டார். கல் எனக்கு இரண்டரை மணிக்குப் பள்ளிக்கூடத்தில் வேண்டும் என்று மட்டும் சொல்ல முடிந்தது. மிச்சத்தைச் சொல்வதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது.

"உத்தியோகத்துக்குப் போறச்சே பெருமாளும் கூட வரணும்னு நினைக்கறே பாரு. இந்தக் காலத்துல எந்தப் பொண்ணுக்கு இது தோணும்? நான் இன்னிக்கு லீவு. நானே எழுந்தருளப்பண்ணிண்டு வரேன்."

நான் சரி என்றேன். சரி என்று ஏன் சொன்னேன் என்று அன்று முழுக்க யோசித்திருக்கிறேன். மாமியார் வீட்டு மனிதர்கள் எதையாவது சந்தோஷமாகச் சொன்னால் என் வாய் தானாகச் சரி சொல்லும். நான் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேருவேன்.

பெருமாள் புதிதாக வந்ததை முன்னிட்டு அக்கா பாதுஷா செய்துகொண்டிருந்தாள். என் கலவரத்தைக் கேட்டுக்கொண்டே கிளறியதில் சர்க்கரைப் பாகு பதம் முற்றிவிட்டது. ஒரு சொட்டை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விட்டாள். அது கண்ணாடி மணியாக இறுகிக் கிண்ணத்தின் அடியில் டங்கென்று விழுந்தது. இதைக் கொட்ட வேண்டியதுதான் என்று பாத்திரத்தை ஓரமாக இறக்கி வைத்தாள். நான் கண் அசந்த நேரத்தில் ரம்யா ஒரு பிடி சர்க்கரையை அதற்குள் போட்டுவிட்டாள். விரலைச் சுட்டுக்கொண்டாளா என்று பத்து விரல்களையும் நான் எண்ணி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, பாகு நடுவிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது.

"பூத்துடுத்து பாரு," என்றாள் அக்கா. "சும்மா விட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாழி தெளிவாவே இருந்திருக்கும். ஒரு பொடி விழுந்தாப் போறும், எல்லாம் அதைப் பிடிச்சிண்டு கட்டிடும்."

நான் சென்னையில் மூன்று இரவு உட்கார்ந்து ஆங்கிலப் புத்தகத்திலிருந்து எடுத்த பாடக் குறிப்பில் இது இரண்டு பக்கத்துக்கு இருந்தது.

பகல் 1.15

சாதாரணமாக இங்கிருந்து ஜங்ஷனுக்கு ஒன்றாம் நம்பர் டவுன் பஸ் இருக்கிறது. டிக்கெட் எழுபது பைசா. ஆனால் ஆசாரமாகக் குளித்துவிட்டு யார் மேலும் படாமல் கல்லைக் கொண்டுபோகிறவர் டவுன் பஸ்ஸில் ஏற முடியாது. அம்பாஸடர் டாக்ஸி ஒன்று பேசினார். போக வரப் பத்துப் பத்து கிலோமீட்டர், காத்திருப்பு உட்பட நாற்பத்தைந்து ரூபாய். ரம்யாவை அக்காவிடம் விட்டுப் போவதாகத்தான் ஏற்பாடு. வண்டி கிளம்பும்போது அவள் அழுத அழுகையில் அவளையும் ஏற்றிக்கொண்டேன். விட்டுப் போனால் ஏங்கிப் போவாளோ, கூட்டிப் போனால் பாடத்தைக் கெடுப்பாளோ என்று இரண்டு பக்கமும் பயந்து, கடைசியில் பக்கத்தில் இருக்கும் பயத்தையே தேர்ந்தெடுத்தேன்.

பின் சீட்டில் அத்திம்பேர் ஒரு கோடியில், மடியில் வெள்ளித் தட்டு, தட்டில் கல். நானும் குழந்தையும் மறு கோடியில். நாங்கள் அவர் மேல் பட்டுவிடக் கூடாது என்று நடுவில் ஈரத் துண்டு ஒன்றைச் சுருட்டி வைத்தார். ரம்யா அந்த எல்லையை வழியெல்லாம் ஒரு விரலால் தாண்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டிரைவர் காதர் பாய் கண்ணாடியில் இதைப் பார்த்துவிட்டு, "சாமி கூட வருதுங்களே, ஹாரன் அடிக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

"அவசியம்னா அடிங்க," என்றார் அத்திம்பேர்.

திருச்சியில் ஹாரன் இல்லாமல் டாக்ஸி ஓட்டுவது எவ்வளவு கடினம் என்று அன்று தெரிந்தது. ராஜகோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. காவிரியில் பாதி மணல், பாதித் தண்ணீர். பாலத்தில் மாட்டு வண்டி ஒன்றின் பின்னால் பத்து நிமிஷம் மௌனமாகப் போனோம். பாலம் இறங்கியதும் மலைக்கோட்டையைக் காட்டி, இமயமலையை விட மூத்தது இது என்று காதர் பாய் பெருமையாகச் சொன்னார். வெளியூர்க்காரர்களிடம் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள், சொல்வது சரியும்கூட. பூமிக்கு ஆழத்தில் யாரும் பார்க்காத இடத்தில் மிக மெல்ல ஆறிய பாறை அது. அதனால்தான் கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு மணியும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படிகங்கள் வளர்ந்திருக்கும். ஆற எவ்வளவு அவகாசம் கிடைக்கிறதோ அவ்வளவு பெரிய படிகம். இதையெல்லாம் சொல்லி அப்படியே பேச்சை மடியிலிருந்த கல்லுக்குக் கொண்டுபோயிருக்கலாம். பாலக்கரை வரை வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தேன். அங்கே ரம்யா வாந்தியெடுத்தாள்.

பகல் 2.20

பள்ளி வாசலில் மாதா சிலை. அத்திம்பேர் செருப்பில்லாமல்தான் வந்திருந்தார். ஒரு கணம் தயங்கி, தட்டோடு லேசாகத் தலை குனிந்துவிட்டு உள்ளே வந்தார். பஞ்சகச்சமும் பன்னிரண்டு திருமண்ணும் வெள்ளித் தட்டுமாக அவர் வராந்தாவில் நடந்தபோது, மூன்று வகுப்புகள் ஒரே சமயத்தில் அமைதியாயின.

தலைமை ஆசிரியை சிஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும், மூக்கின் நுனியில் கண்ணாடி. என்னைப் பார்த்தார், இடுப்பில் குழந்தையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"இவங்க?"

"எங்க அத்திம்பேர், சிஸ்டர். பாடத்துக்கான கருவியைக் கொண்டு வந்திருக்கார்."

"கருவிங்களா?" என்று தட்டைப் பார்த்தார். சந்தனமும் திருத்துழாயும் இருந்தன. ஒரு பக்கம் நைவேத்தியப் பாதுஷா இரண்டு. சிஸ்டர் பின்னால் இரண்டு நாற்காலி போடச் சொன்னார். ஒரு ஆயா வந்து ரம்யாவை வாங்கிக்கொண்டார். ஆயாவின் கை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தேன், என் புடவையை விடச் சுத்தமாகவே இருந்தது.

வகுப்பில் நாற்பது பெண்கள். நான் சாக்பீஸை எடுத்தேன். அதற்குள் அத்திம்பேர் தட்டை ஏந்திக்கொண்டு நேரே முன்னால் வந்து மேஜை மேல் ஒரு வாழையிலை விரித்து, அதன் மேல் கல்லை வைத்து, இரண்டடி பின்வாங்கிக் கை கூப்பினார். பாதி வகுப்பு எழுந்து கை கூப்பிவிட்டது. மீதிப் பாதி எழுந்திருப்பதா வேண்டாமா என்று சிஸ்டரைப் பார்த்தது. முதல் பெஞ்சில் கழுத்தில் சிலுவை போட்ட ஒரு பெண் கையை உயர்த்தினாள்.

"டீச்சர், இது சாமிங்களா?"

சிஸ்டர் குறிப்பேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். அத்திம்பேர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், நான் அழகாக ஏதோ சொல்லப்போகிறேன் என்ற நம்பிக்கையில். ஆமாம் என்றால் வேலை போச்சு. இல்லை என்றால் நாலு பேருக்குத் தீர்த்தம் கொடுத்த மனிதரை நாற்பது பெண்களுக்கு முன்னால் தலை குனிய வைத்தவள் ஆவேன். ஜூனில் இதே ஊருக்கு வந்து, மாதாமாதம் அந்த வீட்டுக்குப் போய்வர வேண்டியவள் நான். எனக்குத் தெரிந்த எல்லா மழுப்பல்களையும் மனதில் ஒரு சுற்று பார்த்தேன். அந்தப் பெண் கையை இறக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா," என்றேன். "இது எரிமலைக் கண்ணாடி."

சொன்ன பிறகு அத்திம்பேர் பக்கம் பார்க்கவில்லை. திருத்துழாயை எடுத்து ஓரமாக வைத்தேன். முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தேன். பூக்கள் தெரிந்தன. முன் பெஞ்சுகள் எட்டிப் பார்த்தன.

சென்னையில் எழுதிய குறிப்பு டாக்ஸியில் ரம்யாவின் வாந்தியோடு போய்விட்டிருந்தது. அதனால் அக்காவின் அடுப்பைத்தான் சொன்னேன். உருகிய பாறையும் பாகு போலத்தான். உள்ளே இருக்கும் அணுக்கள் சூட்டில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மெல்ல ஆறினால் ஒவ்வொன்றும் தன் இடத்தைத் தேடி வரிசையில் உட்கார்ந்துவிடும். அந்த வரிசைதான் படிகம். திடீரென்று ஆறினால், மணியடித்ததும் நின்ற இடத்தில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி, வரிசைக்கு நேரமில்லாமல் அப்படியே உறைந்துபோகும், அது கண்ணாடி. தண்ணீரில் விட்ட பாகுச் சொட்டு கண்ணாடி மணியானது அப்படித்தான். எரிமலைக் குழம்பு வெளியே வழிந்து ஓடும்போது காற்றும் நீரும் பட்ட மேல்தோல் கண்ணாடியாகும். உள்ளே சூடு தங்கிய இடத்தில் படிகங்கள் முளைக்கும்.

அப்படியானால் இந்தக் கண்ணாடிக்குள் பூ எப்படி வந்தது என்று அதே பெண் கேட்டாள். நல்ல கேள்வி. உறைந்த பிறகும் சூடு முழுக்க ஆறிவிடவில்லை. கொஞ்சம் நீராவியும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. உறைந்த கூட்டத்தில் எங்கோ ஒரு மூலையில் நாலைந்து அணுக்கள் எப்படியோ சரியாக உட்கார்ந்துவிட்டன. பாகில் விழுந்த சர்க்கரைப் பொடி மாதிரி. பக்கத்தில் இருந்தவை அவற்றைப் பிடித்துக்கொண்டன. அந்தப் புள்ளியிலிருந்து நாலா பக்கமும் ஊசி ஊசியாக வளர்ந்து, திடமான கண்ணாடிக்குள்ளேயே பூ விரிந்துவிட்டது.

மணியடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அத்திம்பேர்.

"இந்தப் பூ இப்பவும் வளர்ந்துண்டிருக்கா?"

குரலில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. "இல்லே அத்திம்பேர். சூடு போனதும் அங்கங்கே நின்னுடுத்து."

அவர் தலையசைத்தார். பிறகு, "அப்ப சாளக்கிராமம்? அது என்ன கல்லு?" என்றார்.

எனக்குப் பதில் தெரியும். கல்லாகிப்போன பழைய கடல் உயிரின் ஓடு. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தைரியம்தான் என்னால் முடியும்.

"அது பத்தாம் வகுப்புப் பாடம், அத்திம்பேர்."

சிஸ்டர் குறிப்பேட்டை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

பகல் 3.10

அலுவலக அறையில் சிஸ்டர் குறிப்பேட்டை மூடினார்.

"பாடம் நல்லா இருந்துச்சுங்க. ஆனா அரை மணி நேரத்துல ஒன்பது தடவை, தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொன்னீங்க. நான் எண்ணினேன். அதை விட்டுடுங்க. ஜூன்ல வந்து சேருங்க, ஆர்டர் தபால்ல வரும்."

நான் நன்றி சொல்லி, மன்னிப்பும் கேட்டுவிட்டேன். அவர் பத்து என்றார். வாசல் வரை வந்து, தட்டோடு நின்றிருந்த அத்திம்பேரைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அவங்களைத் தினமும் சிரமப்படுத்த வேண்டாம், என்ன?"

திரும்பும்போது ஈரத் துண்டு நடுவில் இல்லை. அத்திம்பேர் அதை மடித்துக் காலடியில் போட்டிருந்தார். ரம்யா அவர் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கல் என் மடியில் இருந்தது. காதர் பாய் விஷயத்தை எப்படியோ ஊகித்துக்கொண்டு ஜங்ஷன் முழுக்க ஹாரன் அடித்தார். காவிரிப் பாலம் வந்தது. வேலை கிடைத்த சந்தோஷத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நான் ஜன்னல் வழியே மணலைப் பார்த்தேன்.

"காலம்பற எட்டு மணிக்கே சொல்லியிருக்கலாமோல்லியோ?" என்றார் அத்திம்பேர்.

"வாய் வரலை அத்திம்பேர்."

"பொண் குழந்தைகள் நாற்பது பேர் முன்னால வந்துதே."

அவர் ரம்யாவை மடியில் சரியாக உட்காரவைத்துக்கொண்டு, "எங்க ஃபவுண்டரியிலயும் உருக்கி ஊத்தின வார்ப்பை அவசரமா ஆற விடமாட்டா," என்றார். "நாள் கணக்கா மூடி வச்சிருப்பா. இருபது வருஷமா நான் அதுக்குப் படம் போடறேன். எதுக்காக மூடறான்னு இன்னிக்குத்தான் விளங்கித்து." பிறகு பெருமூச்சு விட்டார். "அது சரி. கோடியாத்து மாமாகிட்ட யார் சொல்றது?"

நான் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். தீர்த்தம் கொடுத்தது நான், அதனால் சொல்ல வேண்டியதும் நான்தான் என்றார்.

மறுநாள் காலை 7.05

ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் சின்னது. யார் வந்தாலும் தெரியும். எங்களை வழியனுப்ப அக்காவும் அத்திம்பேரும் வந்தார்கள். ரயில் வர ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோடியாத்து மாமாவும் மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் பூச்சரம், வாழைப்பழம் சகிதம் பிளாட்ஃபாரத்தில் வந்து நின்றார்கள். பெருமாள் மதராஸ் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டார்களாம். நான் அத்திம்பேரைப் பார்த்தேன். முந்தின சாயங்காலமே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டதாகத்தான் அவர் என்னிடம் சொல்லியிருந்தார்.

"நான் சொல்லியாச்சும்மா," என்றார் அத்திம்பேர் தர்மசங்கடமாக. "இவா கேட்டுண்டது அப்படி."

கோடியாத்து மாமா முழங்காலைத் தடவிக்கொண்டே, ஒரு தடவை சேவித்துவிட்டுப் போகட்டும் என்று கேட்டார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டுத் துணியைப் பிரித்தேன். இவர் எந்த க்ஷேத்திரத்துப் பெருமாள் என்று ஒரு மாமி என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்திம்பேர் முன்னால் வந்துவிட்டார்.

"மாமி, மறுபடியும் சொல்றேன், கேளுங்கோ. இது பெருமாள் இல்லை. பூமிக்கு உள்ளேர்ந்து நெருப்பா வழிஞ்சது. அவசரமா ஆறினதுனால உள்ளே இருக்கறதெல்லாம் வரிசையில உக்கார நாழியில்லாம கண்ணாடியாப் போயிடுத்து. அப்புறம் சூடு கொஞ்சம் தங்கினதுனால, ஒரு சின்னப் புள்ளியைப் பிடிச்சிண்டு நாலு பக்கமும் ஊசி ஊசியா வளர்ந்து இப்படிப் பூத்திருக்கு. வனமாலையும் இல்லை, ஒண்ணும் இல்லை. படிகம்."

மாமி முழுவதையும் கவனமாகக் கேட்டாள். பிறகு கண்ணை மூடி, "நெருப்புலேர்ந்து பூவா வந்தாராக்கும்," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோடியாத்து மாமாவும் போட்டுக்கொண்டார். அத்திம்பேர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். ரயில் வந்துவிட்டது.

கூடை இப்போது பூவும் பழமும் சேர்ந்து மூடவில்லை. கல்லை மடியிலேயே வைத்துக்கொண்டேன். கொள்ளிடம் தாண்டி, வயல்கள் வரத் தொடங்கின. ரம்யா வாழைப்பழத்தோடு தூங்கிப்போனாள். இரண்டு முறை தும்மினாள், நான் தெர்மாமீட்டரை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டுமோ என்று மட்டும் அரியலூர் வரை யோசித்தேன்.

மாம்பலத்தில் எங்கள் வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் என் கணவர் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்புவார். மாமனார் ரேடியோவைச் சற்று உயர்த்துவார். நான் சொன்ன ஒரு வாக்கியம் அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் முழுசாகத் திரும்பி வந்து நான் கேட்டதில்லை. ஸ்ரீரங்கம் பிளாட்ஃபாரத்தில் அத்திம்பேர் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், பிழை இருக்கிறதா என்று தேடினேன், பழக்க தோஷம். வரிசை, புள்ளி, ஊசி, எல்லாம் இருந்தது. நீராவியை மட்டும் விட்டுவிட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து போட்டேன்.